மலை ஓடைச் சாவுகளைப் பற்றி எழுதும்போது தண்ணீரைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறைக் காலம் வந்தாலே மலைக் காப்புக்காட்டு ஓடையிலோ அருவிக்குக் கீழே உள்ள மடுவிலோ யாரோ மூழ்கி இறந்த செய்தி உங்கள் நாளிதழில் வந்துவிடுகிறது. செய்தியின் வடிவமும் மாறுவதில்லை. எத்தனை பேர் போனார்கள், என்ன வயது, உடல் எப்போது மீட்கப்பட்டது, கடைசியில் 'எச்சரிக்கைப் பலகையையும் மீறி' என்று ஒரு வரி, 'செல்ஃபி மோகம்' என்று இன்னொரு வரி. அடுத்த வாரம் இதே வாசகர் கடிதப் பகுதியில், இந்த இடங்களையெல்லாம் இழுத்து மூட வேண்டும் என்று யாராவது எழுதுவார்கள். இவ்வளவிலும் தண்ணீரைப் பற்றி ஒரு சொல் இருக்காது. அன்றைக்கு அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு குளிர்ந்திருந்தது, எவ்வளவு வேகமாக ஓடியது, இறந்தவர் எங்கே கால் வைத்தார், ஒருவர் விழுந்த பிறகு மற்றவர்கள் ஏன் பின்னாலேயே போனார்கள், எதுவும் தெரியாது. படிக்கிறவர் 'நான் அவ்வளவு பொறுப்பில்லாத ஆள் இல்லை' என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்புகிறார், அப்புறம் அதே மாதிரி இன்னொரு ஓடையில் இறங்குகிறார்.

மலை ஏறுவது, கூடாரம் போட்டுத் தங்குவது, ஓடை கண்ட இடத்தில் இறங்கிக் குளிப்பது மூன்றும் எனக்குப் பிடித்தவை. யாரையும் வீட்டிலேயே உட்காரச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் செய்தித்தாளில் வருவதே இல்லையே என்ற ஆதங்கம்தான்.

முதலில் மழையை எடுத்துக்கொள்வோம். மலை ஓடையில் வெள்ளம் வருவதற்கு நாம் நிற்கும் இடத்தில் ஒரு தூறல்கூட விழ வேண்டியதில்லை. மேலே பல கிலோமீட்டர் தள்ளி, நம் கண்ணுக்கே தெரியாத ஒரு முகட்டுக்குப் பின்னால் அரை மணி நேரம் கொட்டினால் போதும். அத்தனை சரிவுகளிலும் விழுந்த நீரைப் பள்ளத்தாக்கு ஒரு புனலைப் போல வாங்கி, நாம் குளித்துக்கொண்டிருக்கும் அந்த ஒடுங்கிய இடத்தில் கொண்டுவந்து ஊற்றும். பாறைச் சரிவு தண்ணீரை உறிஞ்சாது. காட்டுத்தீ எரித்துவிட்டுப் போன சரிவு இன்னும் மோசம், எரிந்த மண் தண்ணீரை உள்ளே விடாமல் தள்ளிவிடும். 1999ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் அருகே சாக்ஸட்பாக் என்ற ஓடைப் பள்ளத்தில் இறங்கியிருந்த சாகசப் பயணக் குழுவில் 21 பேர் இறந்தது இப்படித்தான். மேலே பெய்த இடிமழையின் தண்ணீர் அந்தக் குறுகிய பாறைப் பிளவுக்குள் ஒரே மூச்சில் வந்தது. இறந்தவர்களில் 3 பேர் வழிகாட்டிகள். தெரியாத கூட்டம், விதியை மீறிய கூட்டம் என்றெல்லாம் அவர்களைச் சொல்ல முடியாது, காசு கொடுத்து, கவச உடை போட்டு, ஆள் கூட்டிக்கொண்டு போனவர்கள். நமக்குப் பழக்கமான உதாரணம் வேண்டுமென்றால் 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தையும் அதில் இறந்த சிறுவனையும் நினைத்துப் பாருங்கள். அருவியில் அதுவரை குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓட வேண்டியதாயிற்று.

வெள்ளம் வரும் முன்பு ஓடை சில அடையாளங்களைக் காட்டும், எப்போதும் காட்டும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காட்டும்போது பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கும். காய்ந்த இலை, சருகு, குச்சி எல்லாம் கொத்தாக மிதந்து வரும். கொஞ்சம் முன்புவரை வெளியே தெரிந்த கல் ஒன்று இப்போது தெரியாது. ஓடையின் சத்தம் கனமாகும், மேலேயிருந்து கற்கள் உருளும் உறுமல் கேட்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் துணியை எடு, பையை எடு என்று நிற்காமல் கரை ஏறிவிட வேண்டும். இதற்கு நேர் எதிரான ஓர் அடையாளமும் உண்டு, அது பலருக்குத் தெரியாது: தண்ணீர் காரணமில்லாமல் சட்டென்று குறைந்தாலும் ஆபத்துதான். மேலே மண் சரிந்தோ மரம் விழுந்தோ ஓடை அடைபட்டிருக்கலாம், அந்த அடைப்பு உடையும்போது தேங்கியது மொத்தமும் ஒன்றாக வரும். மேலே மின்நிலைய அணை இருந்தால் வெயில் காயும் நாளிலும் நீர் திறப்பார்கள், அதைப் பற்றி முன்னாலேயே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கூடாரம். உங்கள் விடுமுறைச் சிறப்பிதழ்களைப் பற்றி இங்கே ஒரு புகார் சொல்லியாக வேண்டும். மலைப் பயணக் கட்டுரை என்றாலே ஓடையை ஒட்டிய புல்தரையில் ஒரு ஆரஞ்சு நிற டென்ட், வாசலில் இரண்டு கால்கள், எதிரே ஓடும் தண்ணீர் என்று ஒரு படம் போடுகிறீர்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடம் ஏன் அவ்வளவு சமமாக, கல் முள் இல்லாமல், மெத்தென்று இருக்கிறது? ஓடையே பலமுறை வந்து வண்டலைக் கொட்டி நிரவி வைத்த இடம் அது. அதற்கு முன்பு வந்த மாதிரி இன்னொரு முறையும் வரும். 1996 ஆகஸ்ட் 7 மாலை, ஸ்பெயின் நாட்டுப் பைரனீஸ் மலைத்தொடரில் பியெஸ்காஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த முகாம் திடலை மலை ஓடை ஒன்று புரட்டிப் போட்டது, 87 பேர் இறந்தார்கள். அனுமதி பெற்று நடந்த முகாம் அது. ஆனால் அமைத்த இடம், ஓடை பள்ளத்தாக்கிலிருந்து சமவெளிக்கு வெளியேறும் வாயில், அது காலம் காலமாகக் கல்லும் மண்ணும் கொட்டி விசிறி போல் பரப்பி வைத்த மேட்டின் மேல். மேலே ஓடையை அடக்கக் கட்டியிருந்த தடுப்பணைகள் அன்றைக்கு உடைந்தன. அதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பு, 1987 ஜூலை 14 அன்று, பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் லு கிரான்-போர்னான் என்ற இடத்திலும் ஓடைக்கரை முகாம் ஒன்று இதே மாதிரி அடித்துச் செல்லப்பட்டு 23 பேர் இறந்தார்கள். இரண்டு இடங்களிலும் மக்கள் சட்டப்படிதான் தங்கியிருந்தார்கள் என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அனுமதிச் சீட்டு கையில் இருப்பதும் பாதுகாப்பான இடத்தில் படுத்திருப்பதும் ஒன்றல்ல.

எங்கே போடலாம் என்றால், ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, அதோடு ஓடைப் படுகையைவிட நன்றாக உயரத்தில். உயரம்தான் முக்கியம், தூரம் இரண்டாவது. மரங்களின் அடியில் சருகும் குச்சியும் ஒரே உயரத்தில் சிக்கிக் கிடந்தால் முந்தைய வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது என்று பொருள், அந்தக் கோட்டுக்கு மேலே போக வேண்டும். வறண்ட ஓடைப் படுகையில் மணல் எவ்வளவு சுகமாக இருந்தாலும் படுக்கக் கூடாது. காய்ந்து நிற்கும் மரத்துக்கு அடியிலும் வேண்டாம், காற்றில் அது விழும். இந்த 60 மீட்டர் நமக்காக மட்டும் சொன்ன கணக்கும் இல்லை. காட்டு விலங்குகள் பல இரவில் தண்ணீருக்கு வருகின்றன, அவை இறங்கும் தடத்தில் நாம் விளக்கைப் போட்டுக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் அவை தாகத்தோடு திரும்பிப் போகும், அல்லது திரும்பிப் போகாமல் நம்மிடம் வரும். மலம் கழிப்பதற்கும் அதே தூரம்தான், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிவிட வேண்டும், கீழே வேறு யாரோ அந்த ஓடையைக் குடிக்கிறார்கள்.

தண்ணீரின் பலத்தைப் பற்றி. ஓடையைக் கடக்கும்போது எல்லாரும் ஆழத்தைத்தான் பார்க்கிறார்கள், முழங்கால் அளவுதானே என்கிறார்கள். வேகத்தைப் பார்க்க வேண்டும். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். பாய்ந்து வரும் நீர் என்றால் 15 சென்டிமீட்டர் ஆழம் போதும், வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும், 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான கார்களை மிதக்க வைத்து இழுத்துப் போகும். ஓடை ஒடுங்கும் இடம்தான் பார்ப்பதற்குக் குறுக்கு வழி மாதிரி இருக்கும், ஆனால் அங்கேதான் ஆழமும் வேகமும் அதிகம். அகன்று பரந்து ஓடும் இடத்தில், ஷூவைக் கழற்றாமல், பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு கடக்க வேண்டும். விழுந்தால் அடித்துக்கொண்டு போய் எங்கே சேர்க்கும் என்பதை இறங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். கீழே அருவியோ, குறுக்கே விழுந்து கிடக்கும் மரமோ இருந்தால் அந்த இடம் வேண்டாம். குறுக்கே கிடக்கும் மரம் தண்ணீரை விடும், ஆளை விடாது. பனி உருகி ஓடும் ஓடைகள் மதியத்துக்கு மேல் பெருகும், அதனால் அவற்றை விடியற்காலையில் கடப்பதே வழக்கம். விழுந்துவிட்டால் உடனே எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது, கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும், மாட்டிய பிறகு மேலிருந்து வரும் நீர் ஆளை முன்னால் மடக்கி அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி, மிதந்தபடி கரையை நோக்கி ஒதுங்க வேண்டும்.

இப்போது குளியல். நீச்சல் தெரியும் என்பவர்கள்தான் மலை மடுவில் துணிந்து குதிக்கிறார்கள், நீச்சல் தெரியாதவர்கள் பெரும்பாலும் ஓரத்தில் நின்றுவிடுகிறார்கள். குளத்திலும் நீச்சல் தொட்டியிலும் கற்ற நீச்சல் மலைத் தண்ணீரில் முதல் சில நிமிடங்களுக்கு வேலை செய்யாது. நடந்து நடந்து உடம்பு சூடேறி வேர்த்திருக்கும் நேரத்தில் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று இறங்கினால் உடல் தானாகவே ஒரு பெரிய மூச்சை இழுக்கும், அதைக் கட்டுப்படுத்த முடியாது. அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் போகும். பிறகு மூச்சு இரைக்கும், இதயம் படபடக்கும், ஓரிரு நிமிடம் இது நீடிக்கும். அதைத் தாண்டினாலும் பத்து நிமிடத்துக்குள் கையும் காலும் விறைத்து, நீந்தத் தெரிந்தவருக்கே நீந்த வராது. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக எடுத்துக்கொண்டு போகிறது, குளிர்ந்த மலைக் காற்றில் சாதாரணமாக நின்றவர் அதே குளிர்ச்சியுள்ள தண்ணீரில் நிற்க முடியாது. ஆகவே குதிக்கக் கூடாது, முதலில் கால், முகம், நெஞ்சு என்று நனைத்து மெதுவாக இறங்க வேண்டும். தவறி விழுந்தால் உடனே கரையை நோக்கி அடித்து நீந்தாமல் மூச்சு அடங்கும்வரை மல்லாந்து மிதக்க வேண்டும். சாராயம் குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

அருவியின் அடியில் வேறொரு தந்திரம் இருக்கிறது. வெள்ளை வெளேரென்று நுரைக்கும் இடத்தில் தண்ணீரோடு காற்றும் கலந்திருப்பதால் அதன் அடர்த்தி குறைவு, உடம்பு அங்கே வழக்கம்போல் மிதக்காது. விழும் நீர் அடியில் போய்த் திரும்பி மேலே சுழன்று மறுபடியும் அருவிக்கே இழுக்கும். அந்தச் சுழலுக்குள் போனவர் எவ்வளவு நன்றாக நீந்தினாலும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பார். மேலிருந்து குதிக்கிறவர்களுக்கு இன்னொன்று: ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் பிறகு மடுவின் அடித்தளம் மாறும். போன வருடம் இரண்டு ஆள் ஆழம் இருந்த இடத்தில் இந்த வருடம் ஒரு பாறாங்கல் வந்து உட்கார்ந்திருக்கும். அருவியின் தலைப்பகுதி எல்லாவற்றையும்விடக் கெட்டது, அங்கே நீர் ஆழமில்லாமல் அமைதியாகத் தெரியும். 2011 ஜூலையில் அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், 97 மீட்டர் உயர வெர்னல் அருவியின் மேலே தடுப்புக் கம்பியைத் தாண்டி இறங்கிய 3 பேர் ஆற்றோடு போனார்கள். ஒருவர் வழுக்கினார், மற்றவர்கள் அவரைப் பிடிக்கப் போனார்கள் என்றுதான் அப்போது செய்திகள் வந்தன.

இந்தக் கடைசி விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கமே ஒதுக்கலாம். 'ஒரே குடும்பத்தில் நால்வர் பலி', 'நண்பர்கள் மூவர் பலி' என்று வரும் தலைப்புகளில் நிறைய இடங்களில் வழுக்கியது ஒருவர்தான், மற்றவர்கள் காப்பாற்றப் போனவர்கள். தண்ணீரில் தத்தளிக்கிறவர் கையில் கிடைத்ததைப் பிடித்து அமுக்கி மேலே ஏறப் பார்ப்பார், அது அண்ணன் தோளாக இருந்தாலும் சரி. கரையில் நிற்பவர்கள் கயிறு, நீளமான கம்பு, வேட்டி, துப்பட்டா, இறுக்கி மூடிய காலி கேன் எதையாவது நீட்டவோ எறியவோ வேண்டும், இறங்கக் கூடாது. சொல்வதற்குக் கல்நெஞ்சுக்காரன் மாதிரி இருக்கிறது, ஆனால் ஒரு சாவு நான்கு சாவாக மாறுவது இங்கேதான். 20 மீட்டர் மிதக்கும் கயிறு ஒன்று குழுவில் யார் பையிலாவது இருக்கிறதா என்று எந்தச் செய்தியிலாவது கேட்டிருக்கிறீர்களா?

காப்பகங்களில் குளிக்கத் தடை போடுவதற்கு ஆள் சாவது மட்டும் காரணமில்லை, இதையும் யாராவது விளக்க வேண்டும். குரோஷியாவின் பிளிட்விசே ஏரிகளில் நீந்துவதற்கு அனுமதி கிடையாது. அங்கே அருவிகளின் பாறைகளே உயிருள்ளவை மாதிரி வளர்கின்றன, நீரில் கரைந்த சுண்ணாம்பைப் பாசிகளும் நுண்ணுயிர்களும் படியவைத்துக் கட்டுபவை அவை, காலால் மிதித்தால் நொறுங்கும். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை 500க்கு மேற்பட்ட நீர்நில வாழ்வினங்களைக் குறைத்திருக்கிறது, அவற்றில் 90 இனங்கள் அழிந்தேவிட்டன என்று கருதுகிறார்கள். அது ஈரமான ஷூவிலும் சேற்றிலும் ஒட்டிக்கொண்டு ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்குப் போகக்கூடியது. ஆகவே ஷூவைக் கழுவி நன்றாகக் காயவைத்துவிட்டுப் போவது வெறும் சுத்தப் பழக்கம் இல்லை. சோப்பு, ஷாம்பூ வேண்டவே வேண்டாம், 'மக்கும் சோப்பு' என்று எழுதியிருந்தாலும் அது மண்ணில் மக்கத்தான், ஓடையில் கரைக்க இல்லை.

சரி, மூடிவிட்டால் என்ன? தீ பரவும் கோடையில் மூடுகிறார்கள், விலங்குகள் குட்டி போடும் பருவத்தில் மூடுகிறார்கள், அது நியாயம், அதைத் தாண்டிப் போகிறவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் ஆண்டு முழுக்க மூடினால் ஆட்கள் போவதை நிறுத்துவதில்லை, சோதனைச்சாவடி இல்லாத பின்பக்கமாகப் போகிறார்கள், யாரிடமும் சொல்லாமல் போகிறார்கள், ஏதாவது ஆனால் தேடுவதற்குக்கூடத் தொடக்கப் புள்ளி இல்லாமல் போகிறது. அனுமதி, பெயர்ப் பதிவு, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு, கூட ஒரு வழிகாட்டி, இவை இருக்கும் பாதையில் யார் உள்ளே போனார், யார் வெளியே வரவில்லை என்பதாவது மாலைக்குள் தெரியும்.

பலகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'குளிக்கத் தடை, மீறினால் நடவடிக்கை' என்று எழுதினால் அது அபராதத்துக்கான எச்சரிக்கையாகத்தான் படிக்கப்படுகிறது, ஆள் இல்லையென்றால் இறங்கலாம் என்று அர்த்தமாகிவிடுகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1976 ஜூலை 31 இரவு பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் சுமார் 4 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி 140 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பலர் வெள்ளத்தை முந்திவிடலாம் என்று காரில் பள்ளத்தாக்கு வழியே கீழே ஓடியவர்கள். அதற்குப் பிறகு அங்கே வைத்த பலகைகளில் தடையும் இல்லை, அபராதமும் இல்லை: வெள்ளம் வந்தால் மேலே ஏறித் தப்பியுங்கள் என்று எழுதி, சரிவில் ஏறும் ஒரு மனிதனின் படம். அப்படிச் செய்ய வேண்டியதைச் சொல்லும் பலகை வேண்டும். 'இந்த மடுவில் சுழல் உண்டு', 'மேலே அணை உண்டு, அறிவிப்பின்றி நீர் திறக்கப்படும்', 'சத்தம் கேட்டால் இடது பக்க மேட்டில் ஏறவும்' என்று இடத்துக்கு ஏற்ற மாதிரி எழுதினால் ஒரு பெயின்ட் டப்பா செலவுதான்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு சாவு நடக்கும்போது செய்தியாளர் அங்கே நாலு கேள்வி கேட்கட்டும்: முந்தின ஆறு மணி நேரத்தில் மேலே எங்கே மழை பெய்தது, நீர் எவ்வளவு ஆழம், எவ்வளவு குளிர், முதலில் விழுந்தது யார், மற்றவர்கள் ஏன் இறங்கினார்கள், கயிறு இருந்ததா. நாலுக்கு மேலேயே ஆகிவிட்டது, பரவாயில்லை. வெள்ளிக்கிழமை இதழில் வார இறுதி வானிலை போடும்போது ஊர்களின் வெப்பநிலையோடு நிறுத்தாமல், மக்கள் போகும் மலைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் மழை வருமா என்பதையும் போடுங்கள். அதற்கு இடம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், ராசிபலனுக்கு ஒதுக்குகிற இடத்தில் பாதி கொடுத்தால் தாராளமாகப் போதும்.

இப்படிக்கு,
மலையேறும் வாசகர் ஒருவர்